பாதுகாப்பானது என்று நான் எழுதிய கருவி

மனிதர்களுக்காக எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இந்தப் பயம் கிடையாது. ஒரு மென்பொருளுக்குக் கையேடு எழுதினால் அதை யாரும் வாசிக்கப்போவதில்லை என்பது எழுதுகிறவனுக்கும் தெரியும், சம்பளம் கொடுக்கிற கம்பெனிக்கும் தெரியும். வாங்கியவர் நாலு பட்டனை அமுக்கிப் பார்த்து, ஐந்தாவதில் திட்டிவிட்டு, ஆறாவதில் கற்றுக்கொள்வார். நான் தப்பாக எழுதியிருந்தாலும் பெரிய கேடு வந்துவிடாது.

இப்போது என் வாசகர் வேறு. புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக வடிவமைக்கிற ஒரு மென்பொருள் இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்து வேலை செய்யும் ஏஐ ஏஜென்டுக்காக நான் எழுதுகிறேன். படத்தைச் சட்டத்துக்குள் பொருத்த ஒரு கருவி, நிரம்பி வழியும் எழுத்தைச் சுருக்க ஒரு கருவி, பக்க எண் போட ஒரு கருவி என்று அதில் நூற்றுக்கு மேல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான் நாலு வரி எழுத வேண்டும். அது என்ன செய்யும், எப்போது இயக்கலாம், எப்போது கூடாது, இயக்கும் முன் ஆளிடம் கேட்க வேண்டுமா. ஏஜென்ட் அந்த நாலு வரியையும் வாசித்துவிட்டுத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்யும். ஓர் எழுத்து விடாமல் வாசிக்கும், வாசித்ததை அப்படியே நம்பும். பெற்ற தாய்கூட என்னை அப்படி நம்பியதில்லை.

கேரளத்தில் பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டுக்குள் நுழையும் களியக்காவிளை எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் வீடு. ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் அம்மாவும். மற்றதில் அண்ணனும் மைனியும். மைனி என்றால் அண்ணனின் மனைவி. ஜங்ஷனில் உள்ள ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது மைனியின் வேலை. நான் எதைப் பற்றி எழுதிப் பிழைக்கிறேனோ அதை மைனி கையால் செய்துகொண்டிருந்தார். அதனால் அந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று நாள் அச்சகத்துக்குப் போய், ஒரு ஸ்டூலைப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

இங்கே கல்யாணக் கார்டு என்றால் இரண்டு அடிக்க வேண்டும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம், எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தத்துக்குத் தமிழ். மலையாளத்தில் வீட்டுப் பெயர் முன்னால் வந்தாக வேண்டும். தமிழில் மார்த்தாண்டத்து மாமாவின் பெயர் இரண்டாவது வரிக்குக் கீழே இறங்கினால் அவர் கல்யாணத்துக்கே வரமாட்டார். இதற்கு மைனி ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு மொழிக்கும் ஒரே ஃபைல்தான். மலையாளத்தைப் பக்கத்துக்குள் வைப்பார். தமிழை அதன் அருகிலேயே, பக்கத்துக்கு வெளியே திரையில் தெரியும் சாம்பல் நிற வெளியில் வைத்திருப்பார். அங்கே இருப்பது அச்சில் வராது. மலையாளம் அச்சுக்குப் போனதும் அதை வெளியே நகர்த்திவிட்டுத் தமிழை உள்ளே கொண்டுவருவார். ஒன்றில் திருத்தம் வந்தால் கண்ணெதிரே இருக்கும் மற்றதிலும் அப்போதே திருத்திவிடலாம். அந்தச் சாம்பல் வெளிக்கு அவர் வைத்த பெயர் முற்றம்.

“முற்றத்தில கெடக்கதொக்க குப்பையில்ல மக்கா,” என்றார் அன்று. “வீட்டுக்குள்ள இல்ல, அம்புட்டுதான். நம்மட சாதனமாக்கும்.”

நான் அதை நோட்டில் குறித்துக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன். அந்த நோட்டு இன்றைக்கும் என் மேசையில் இருக்கிறது, அதனால்தான் மறந்துவிட்டேன் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

பக்கத்துக்கு வெளியே கிடப்பவற்றை நீக்குகிற கருவிக்கு முதலில் ஒழுங்காகத்தான் எழுதினேன். ‘வெளியே இருப்பவை வேண்டாதவை என்று எடுத்துக்கொள்ளாதே. நீக்கும் முன் பயனரிடம் கேள்.’ ஆங்கிலத்தில் எழுதியதன் பொருள் இது. ஒரு வெள்ளிக்கிழமை அதை எங்கள் டீம் தலைவர் பார்த்தார். வேறு ஊரில் இருப்பவர், திரையில் மட்டுமே எனக்குப் பழக்கம். ஏஜென்ட் எதற்கெடுத்தாலும் ஆளிடம் கேட்டுக்கொண்டே நிற்கிறது, சோதித்துப் பார்ப்பவர்கள் எரிச்சலாகிறார்கள், முடிந்த இடத்திலெல்லாம் குறை என்றார். இந்தக் கருவியில் குறைக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. அச்சகத்தில் பார்த்ததைச் சொன்னால் கேட்டுக்கொள்ளக்கூடிய மனிதர்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மீன்காரரின் ஹாரன் கேட்டது. பூவாரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர், இரண்டு தடவை அடிப்பார், மூன்றாவது தடவை அடுத்த வளைவில்தான் கேட்கும். அன்று சாளை வரும் என்று அம்மா காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். நான் அந்த இரண்டு வாக்கியங்களையும் அழித்தேன். ‘பயன்படாத பொருட்களை நீக்கும். அச்சுக்கு அனுப்பும் முன் இயக்கவும்’ என்று எழுதினேன். எழுதியது மொட்டையாக இருப்பதுபோல் தோன்றியதால், யாரும் கேட்காமலே, கடைசியில் ‘பாதுகாப்பானது’ என்று ஒரு வார்த்தையும் சேர்த்தேன். சேமித்துவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு கூறு சாளை கிடைத்தது. குழம்பும் நன்றாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து, இந்த ஏஜென்டை உண்மையான வேலையில் வைத்துப் பார்க்க ஆட்கள் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்கள். இரண்டு மொழியில் வேலை செய்கிற ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார் என்று முந்திக்கொண்டு கை தூக்கியவன் நான். அச்சக முதலாளியிடம் பேசியதும், மைனியின் கம்ப்யூட்டரில் அதை நிறுவியதும் நானேதான்.

மைனி அப்போது எங்கள் சபையின் ஆண்டுவிழா மலரைச் செய்துகொண்டிருந்தார். மிஷன் காலத்துப் பழைய சபை. எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது, யார் எங்கே வாழ்க்கைப்பட்டுப் போனார்கள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். இளையவர்களுக்கு மலையாளப் பதிப்பு. மலையாளம் வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குத் தமிழ்ப் பதிப்பு. கல்யாணக் கார்டைப் போலவே இதற்கும் ஒரே ஃபைல், தமிழ் முற்றத்தில். தமிழ் வேண்டுமா என்று கமிட்டியில் பெரிய பேச்சு நடந்து, மைனி தானே முன்வந்து, இரண்டையும் நான் செய்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்ட வேலை அது. அம்மாவுக்குப் பைபிளும் தமிழ், பாட்டுப் புத்தகமும் தமிழ். மத்தியானங்களில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மைனி கொண்டுவரும் தமிழ்ப் பிரதியை வாய்விட்டு வாசித்துப் பென்சிலால் திருத்துவார். ஆரியங்கோட்டிலிருந்து ஒரு பெரியவரும் இரண்டு முறை பஸ் ஏறி வந்து தன் குடும்பத்துப் பக்கத்தைத் திருத்திக் கொடுத்தார். திருத்தங்களை ஃபைலில் ஏற்றி முடித்ததும் அந்தத் தாள்கள் அடுப்பு பற்றவைக்கப் போய்விடும். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

ஏஜென்டை நிறுவி முடித்தபோது மைனி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இது எனக்க முற்றத்தில கேறிக் கைவைக்குமா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல மைனி. விவரமுள்ள சாதனம்,” என்றேன்.

அவர் பிறகு கேட்கவில்லை. சந்தேகப்படுகிற பழக்கம் உள்ளவர்தான், ஆனால் சொல்லுகிறவன் கொழுந்தன் ஆயிற்றே.

மலையாளப் பதிப்பு முடிந்த அன்று மாலை, அச்சுக்கு அனுப்பத் தயார் செய் என்று மைனி ஏஜென்டிடம் எழுதினார். அது மளமளவென்று வேலை செய்து, ஆங்கிலத்தில் நீளமாக ஒரு அறிக்கை கொடுத்து, பச்சை நிறத்தில் ஒரு டிக் போட்டது. டிக்கைப் பார்த்துவிட்டு மைனி ஃபைலைச் சேமித்து மூடி வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை தமிழை உள்ளே கொண்டுவர ஃபைலைத் திறந்தபோது முற்றத்தில் ஒன்றும் இல்லை.

எனக்கு போன் வந்தது. “மக்கா, நான் என்னமோ தொட்டுட்டேன். ஒண்ணு ஓடி வா.”

போனேன். ஃபைலை மூடிவிட்டதால் செய்ததைத் திரும்பப் பெற வழியில்லை. ஒரு பென் டிரைவில் பழைய பிரதி ஒன்று இருந்தது, திருத்தங்கள் ஏதும் ஏறுவதற்கு முன் எடுத்தது. அதில் பல குடும்பங்களின் பக்கங்களே கிடையாது. மைனி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஏஜென்ட் தான் செய்த ஒவ்வொரு வேலையையும் ஏன் செய்தேன் என்று ஒரு பதிவில் எழுதி வைக்கும். அதைத் திறந்தேன். எந்தக் கருவி ஓடியது என்று அதில் இருந்தது. அதன் கீழே ஒரு வரி. ‘இக்கருவி பாதுகாப்பானது எனக் குறிப்பில் உள்ளதால் பயனரிடம் கேட்கவில்லை.’

“என்ன எழுதியிருக்கு மக்கா?” என்றார் மைனி. ஆங்கிலத்தில் அவ்வளவு சிறிய எழுத்தை அவர் வாசிக்க முயல்வதில்லை.

நான் அந்த ஜன்னலை மூடினேன். “ஒண்ணும் தெளிவா இல்ல மைனி,” என்றேன்.

இதை நான் எந்தப் பூச்சும் இல்லாமல் எழுதுகிறேன். அந்த வரியைப் படித்ததும், மூடியதும், பொய் சொன்னதும் ஒரே மூச்சில் நடந்தன. யோசிக்க நேரமில்லாததால் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்குப் பிறகு யோசிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது.

பத்து மணிவாக்கில் கமிட்டி செக்ரட்டரி வந்தார். முதலிலிருந்தே தமிழ்ப் பதிப்பு வேண்டாம் என்ற கட்சி அவர். மைனி நடந்ததைச் சொன்னார். தன் கை பட்டு அழிந்துவிட்டது என்றுதான் சொன்னார்.

“ஒரு காரியம் விஸ்வசிச்சு ஒப்படைச்சா இப்படியா செய்யது? முடியாதுன்னா முதல்லயே பறஞ்சிருக்கலாம் இல்லியா?” என்றார் செக்ரட்டரி. முதலாளிக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

மைனி தலையைக் குனிந்து நின்றார். பதினைந்து வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர், ஒரு கார்டில் ஒரு பெயர் பிசகினாலும் தன் கையிலிருந்தே ஈடு செய்து திரும்ப அடித்துக் கொடுப்பவர். நான் பக்கத்தில் நின்று கம்ப்யூட்டர் ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆண்டுவிழா ஞாயிறன்று மலையாள மலர் மட்டும் வெளியானது. பெரியவர்களுக்கும் அதையே கொடுத்தார்கள். அம்மா அதை மடியில் வைத்துப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு, மூடி, மேலே கைக்குட்டையை வைத்துக்கொண்டார். தமிழ் பின்னால் வரும் என்று மேடையில் அறிவித்தார்கள். யாரால் பிந்தியது என்பதையும் ஜாடையாகச் சொன்னார்கள். பெண்கள் வரிசையில் சில தலைகள் மைனி பக்கம் திரும்பின.

நான் லீவு போட்டேன். ஒன்பது நாள் மைனியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் லேப்டாப்பை வைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அவர் திருத்தினார், நான் பக்கம் கட்டினேன். அம்மாவும் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். “இன்னொரு மட்டம் வாசிச்சாப் போச்சு, அதுக்கென்ன?” என்றார். போன தடவை சொன்ன திருத்தங்களில் பாதி அவர் நினைவில் இருந்தது. மீதியை நெற்றியைத் தடவித் தடவித் தேடினார், சில கிடைத்தன. ஆரியங்கோட்டுப் பெரியவர் அதற்குள் பேச்சு நின்று படுத்துவிட்டார். பழைய பிரதியில் இருந்த தப்புகளோடுதான் அவர் குடும்பத்துப் பக்கம் போக வேண்டியதாயிற்று. அந்தத் தப்புகள் எவை என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்த ஒன்பது நாளும் மைனி என்னைக் கவனித்த கவனிப்பு இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பதினோரு மணிக்குப் பால் விடாத கட்டன்சாயா, நாலு மணிக்கு ஏத்தங்காய் அப்பம். “நீ இல்லெங்கி நான் என்ன செய்வேன் மக்கா,” என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பேன். அப்பத்தைக் கையில் வாங்கியதும் நாக்கு மேலே எழும்பாது. சொன்னால் அவர் அழுவாரோ என்ற பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் என் பயம் அந்த மரியாதை போய்விடுமே என்பதுதான்.

இதற்கிடையில் இன்னொரு காரியமும் செய்தேன். அழித்த இரண்டு வாக்கியங்களையும் திரும்ப எழுதினேன், ‘பாதுகாப்பானது’ என்ற வார்த்தையை எடுத்தேன். பயனர் ஒருவரின் அனுபவத்திலிருந்து என்று காரணம் போட்டேன். டீம் தலைவர் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினார். மறுவாரம் ஒரு நாள் அச்சகத்துக்குப் போய்வந்த மைனி உற்சாகமாகச் சொன்னார். “இப்பம் கேக்குது மக்கா! ‘பக்கத்துக்கு வெளிய சாதனம் உண்டு, நீக்கட்டா’ன்னு கேக்குது. மரியாதை படிச்சிருக்கு.” அன்று அழித்தது அதுவாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நானும் சிரித்தேன். சொல்லியிருக்க வேண்டிய நாள் அதுதான். அன்றும் வாயில் கொழுக்கட்டையோடு இருந்தேன்.

கடைசிப் பக்கத்துக்கு ஒரு குறிப்பைச் செக்ரட்டரி கொடுத்து அனுப்பியிருந்தார். மைனியே அதை அடித்தார். ‘தமிழ்ப் பதிப்பு தாமதமானதற்கு வருந்துகிறோம். வடிவமைப்பில் நேர்ந்த கவனக்குறைவே காரணம்.’ அடித்து, மையத்தில் நிறுத்தி, எழுத்தின் அளவை ஒரு பாயின்ட் குறைத்தார். பிறகு அதன் கீழே, இந்தப் பதிப்பு மறுபடி உருவாக உடனிருந்து உழைத்தவருக்கு நன்றி என்று ஒரு வரி போட்டு, என் பெயரைக் கொட்டை எழுத்தில் வைத்தார்.

“அது வேண்டாம் மைனி. எடுத்துருங்க,” என்றேன்.

“கெடக்கட்டும் மக்கா. உள்ளதுதானே.”

அந்தப் பக்கம் என் லேப்டாப்பில்தான் இருந்தது. இரண்டு வரியையும் முற்றத்துக்கு இழுத்துவிட எனக்கு ஒரு நொடி போதும். எனக்கு வந்த நன்றியை எடுத்துவிட்டு அவருக்கு வந்த பழியை மட்டும் எப்படி விடுவது, பழியை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களே என்று உழன்றுகொண்டிருந்தேன். அதற்குள் பிடிஎஃப் அச்சுக்குப் போய்விட்டது.

புத்தகம் வந்த அன்று அம்மா முதலில் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். நன்றிப் பக்கத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கிற ஆள் அவர். வேத பாடம் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி உரக்க வாசித்தார். ‘கவனக்குறைவே காரணம்’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி, “பாவம், அவளும் மனுஷிதானே,” என்றார். அடுத்த வரியில் என் பெயரைப் பெருமையாக வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. நேரே மைனியின் வீட்டுப் பின்பக்கம் போனேன். அவர் குழாயடியில் உட்கார்ந்து சாளை கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் எழுதியது, பிறகு அழித்தது, யாரும் கேட்காமல் சேர்த்த அந்த வார்த்தை, அன்று காலை நான் மூடிய ஜன்னல். மீன்காரர் ஹாரன் அடித்ததையும் சொன்னேன், எதற்கென்று தெரியவில்லை. மைனியின் கை கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“நாளைக்கே செக்ரட்டரிகிட்ட போய்ப் பறையுதேன் மைனி. சபையிலயும் எழும்பிப் பறையுதேன்,” என்றேன்.

“பறை,” என்றார். “அது வேற காரியம்.”

குழாயை அடைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“எழுதினதுல தப்பு வரும், எனக்கும் வரும். அது சாரமில்ல, போட்டும். அந்த மெஷீனுக்கு நீ ஒத்த வரி எழுதிக் குடுத்தே, உடனே அது என்கிட்ட கேக்கப் படிச்சுது. நீ ஒம்பது நாள் எனக்க பக்கத்துல இருந்து அப்பம் தின்னியே. உனக்கு ஆருலே எழுதித் தரணும்?”

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை மக்கா என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர், ‘லே’ போட்டது அன்றுதான். பிறகு குழாயைத் திறந்து அடுத்த மீனை எடுத்தார். சட்டியில் இன்னும் ஏழெட்டுச் சாளை கிடந்தது, எல்லாவற்றையும் கழுவி முடிக்கும் வரை அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.